தீயைப் பார்த்தோம், பையைப் பார்த்தோமா?

கார் ரேஸ் பற்றி நீங்கள் பார்த்த படம் எதையாவது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஹாலிவுட் படமோ, வெப் சீரிஸோ, எதுவானாலும் சரி. முதலில் ஞாபகம் வருவது எந்தக் காட்சி? ஜெயித்தவர் மேடையில் ஷாம்பெய்ன் பீய்ச்சுவதா? இருக்காது. ஒரு கார் தடம் மாறும். தடுப்பில் போய் மோதும். அரை நொடி சத்தமே இருக்காது. அப்புறம் குபீர்! திரை முழுக்க ஆரஞ்சு நிறம். உள்ளே ஒரு மனிதன்.

இந்தக் காட்சியை நம்மிடம் எத்தனை முறை விற்றிருக்கிறார்கள்! நாமும் ஒவ்வொரு முறையும் நகத்தைக் கடித்துக்கொண்டு வாங்கியிருக்கிறோம். ஆனால், எரிவது என்ன என்று எந்தப் படமாவது சொன்னதா? அந்தப் பெட்ரோல் எதில் இருந்தது, அது எங்கே வைக்கப்பட்டிருந்தது, எப்படிக் கட்டப்பட்டிருந்தது, எந்த ஓட்டை வழியாக வெளியே வந்தது? ம்ஹூம். சினிமாவைப் பொறுத்தவரை தீ என்பது வானத்திலிருந்து வருகிற விதி. அவ்வளவுதான்.

என் புகார் இதுதான். ரேஸ் படங்கள் தீயைக் காட்டுகின்றன, டேங்க்கை மறைக்கின்றன. அதனால் நமக்குத் தப்பான பாடம் சொல்லிக்கொடுக்கின்றன. உயிரைக் காப்பாற்றுவது தைரியம் என்கின்றன. முக்கால்வாசி நேரம் காப்பாற்றியது ஒரு ரப்பர் பையும் சில போல்ட்டுகளும்.

அந்தப் பைக்கு ஃப்யூயல் செல் என்று பெயர். ஹைட்ரஜனில் கரன்ட் எடுக்கிறார்களே, அந்த ஃப்யூயல் செல் வேறு. இது ரேஸ் காரின் பெட்ரோல் டேங்க்.

*

'ரஷ்' படத்திலிருந்தே ஆரம்பிப்போம். 2013-ல் வந்தது. ரான் ஹோவர்ட் இயக்கம். நிக்கி லாடாவும் ஜேம்ஸ் ஹன்ட்டும் 1976-ல் ஃபார்முலா ஒன் பட்டத்துக்காக மோதிக்கொண்ட கதை. நல்ல படம், சந்தேகமே இல்லை. லாடாவாக வரும் டேனியல் ப்ரூல் அந்த ஆஸ்திரிய உச்சரிப்பையும் எலிப்பல் முகத்தையும் அப்படியே கொண்டுவந்திருப்பார். ஆஸ்பத்திரியில் நுரையீரலைச் சுத்தம் செய்யும் காட்சியில் நமக்கே தொண்டை எரியும்.

1976 ஆகஸ்ட் 1, ஜெர்மனியின் நூர்பர்க்ரிங். லாடாவின் ஃபெராரி தடம் மாறி, மண்மேட்டில் மோதி, தீப்பிடித்து, மறுபடி தடத்துக்கே வந்து விழுகிறது. பின்னால் வந்த கார் அதன்மேல் மோதுகிறது. மெர்ஸாரியோ, எட்வர்ட்ஸ், லங்கர், எர்ட்ல் என்று நான்கு டிரைவர்கள் தங்கள் கார்களிலிருந்து இறங்கி, ஓடிவந்து அவரை வெளியே இழுக்கிறார்கள். நாற்பத்திரண்டு நாள் கழித்து, தலையில் கட்டோடு மோன்ஸாவில் ஓட்டி நான்காவதாக வருகிறார் லாடா. கடைசியில் ஒரே ஒரு பாயின்ட்டில் பட்டத்தை இழக்கிறார். இதற்கு மேல் என்ன திரைக்கதை வேண்டும்?

படத்தில் லாடா கணக்குப் பார்க்கிற ஆள். ஒவ்வொரு முறை காரில் ஏறும்போதும் சாவதற்கு 20 சதவிகித வாய்ப்பு இருக்கிறது, அதற்குமேல் ஒரு சதவிகிதம்கூட ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிற ரகம். பி.காம். படித்த எனக்கு அந்தக் கேரக்டரை ரொம்பப் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை. ஆனால் படம் முடிந்ததும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. அந்த 20 சதவிகிதத்தில் தீயின் பங்கு எவ்வளவு? அது எங்கே உட்கார்ந்திருந்தது?

அக்காலத்து ஃபெராரியில் பெட்ரோல் டிரைவருக்கு இரண்டு பக்கமும் இருந்தது. இரண்டு இடுப்பிலும் இரண்டு குடம் பெட்ரோல் கட்டிக்கொண்டு ஓட்டுகிற மாதிரி. பக்கவாட்டில் அடி விழுந்தால் முதலில் வாங்குவது டேங்க். படத்தில் இதற்கு ஒரு வசனம் கிடையாது.

*

ரேஸ் உலகம் இந்தப் பாடத்தைப் படித்தது 1964-ல். ரத்தத்தில் எழுதிய பாடம்.

அந்த வருடம் மே 24-ம் தேதி, அமெரிக்காவின் ஷார்லட் நகரில் ஒரு பந்தயம். ஃபயர்பால் ராபர்ட்ஸ் என்ற பெரிய ஸ்டாரின் கார் கவிழ்ந்து எரிந்தது. பேஸ்பாலில் பந்தை வேகமாக எறிவார் என்பதால் இளவயதில் வந்த பட்டப்பெயர் அது. விதியின் கிண்டலைப் பாருங்கள். ஜூலை 2-ல் ஆஸ்பத்திரியில் இறந்தார். இதற்கு நடுவில் மே 30, இண்டியானாபொலிஸ் 500. இரண்டாவது சுற்றிலேயே டேவ் மெக்டொனால்டின் கார் சுவரில் மோதி வெடித்தது. எடி சாக்ஸ் அதன்மேல் போய் மோதினார். இரண்டு பேரும் போனார்கள். வானத்தை மறைத்த கரும்புகையைப் பார்த்தபடி பந்தயத்தையே நிறுத்தினார்கள்.

ஆறு நாளில் இரண்டு தீ. அதன் பிறகுதான் தகர டேங்க்கைப் பார்த்து எல்லோருக்கும் பயம் வந்தது. தகரம் நசுங்கினால் கிழியும், வெல்டிங் விட்டுப்போகும். ரப்பர் நசுங்கினால்? உருமாறும், கிழியாது. ரப்பரில் யார் கெட்டிக்காரர்கள்? டயர் கம்பெனிக்காரர்கள். ஃபயர்ஸ்டோன் மாதிரி நிறுவனங்கள் களத்தில் இறங்கின. வலுவான துணியில் ரப்பர் பூசிய பை. அதுதான் ஃப்யூயல் செல்லின் உயிர்.

பைக்குள்ளே ஒரு ஸ்பாஞ்ச் அடைத்திருப்பார்கள். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச் மாதிரியே, இன்னும் பெரிய துளைகளோடு. அது கொஞ்ச இடம்தான் எடுத்துக்கொள்ளும். பெட்ரோல் உள்ளே தளும்பி அலையடிக்காது. பாதி காலியான டேங்க்கில் நிறைந்திருக்கும் ஆவி ஒரே மூச்சில் வெடிக்காது. பைக்கு வெளியே ஓர் உலோகப் பெட்டி. பை, ஸ்பாஞ்ச், பெட்டி. சொல்லிப்பார்த்தால் சாதாரண சமாசாரம். இதற்கு முன்னால் எத்தனை சவப்பெட்டிகள் போயின என்பதுதான் சாதாரணமில்லை.

*

'பை வந்துவிட்டது, பிரச்னை தீர்ந்தது' என்று நினைத்தால் அதுவும் சினிமாத்தனம்தான். 1970களின் தொடக்கத்திலேயே ஃபார்முலா ஒன்னுக்குப் பை வந்துவிட்டது. டேங்க்கைச் சுற்றி நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும் அமைப்பு வேண்டும் என்று 1973-ல் விதியும் வந்தது. அதே 1973-ன் ஜூலையில், ஹாலந்தின் ஸாண்ட்வூர்ட்டில் நடந்ததைக் கேளுங்கள்.

ரோஜர் வில்லியம்சன், வயது 25, அவருக்கு அது இரண்டாவது ஃபார்முலா ஒன் பந்தயம். கார் கவிழ்ந்து, தலைகீழாக இழுபட்டு, தீப்பிடித்தது. பின்னால் வந்த டேவிட் பர்லி தன் காரை நிறுத்திவிட்டு ஓடினார். எரிகிற காரைத் தனி ஆளாகப் புரட்டப் பார்த்தார். முடியவில்லை. தீயணைப்பானை வாங்கி அடித்தார். தீர்ந்துபோனது. பக்கத்தில் இருந்த ஊழியர்களிடம் தீயைத் தாங்கும் உடைகள் இல்லை. மற்ற டிரைவர்களோ, எரிகிற கார் பர்லியுடையது, ஆள் வெளியே வந்துவிட்டார் என்று நினைத்துப் போய்க்கொண்டே இருந்தார்கள். வில்லியம்சன் மூச்சுத் திணறி இறந்தார். டி.வி.யில் உலகமே பார்த்தது.

பர்லிக்கு ஜார்ஜ் மெடல் கொடுத்தார்கள். ரேஸ் சரித்திரத்தில் அதைவிடப் பெரிய தைரியத்தைக் காட்டுவது கஷ்டம். அந்தத் தைரியம் தோற்றது. லாடாவுக்கு வந்த நாலு பேரின் தைரியம் ஜெயித்தது. வித்தியாசம் மனசில் இல்லை சார். கார் எப்படிக் கிடந்தது, எவ்வளவு பெட்ரோல் எந்தப் பக்கம் ஒழுகியது, எத்தனை கைகள் இருந்தன என்பதில் இருக்கிறது. தைரியம் என்பது மற்றதெல்லாம் கைவிட்ட பிறகு மிச்சமிருக்கும் கடைசிக் காசு. படங்கள் அதையே முதலீடாகக் காட்டுகின்றன.

அப்புறம் டேங்க் இடம் மாறியது. 1978-ல் கலக்கிய லோட்டஸ் 79 காரில் பெட்ரோல் முழுக்க டிரைவரின் முதுகுக்கும் எஞ்சினுக்கும் நடுவே, ஒரே பையில். பக்கவாட்டை காற்றுக்காகக் காலி செய்ததில் கிடைத்த புண்ணியம் அது. வேகத்துக்காகச் செய்தது பாதுகாப்புக்கும் உதவியது. பிறகு அதுவே விதியானது. காரின் மிகப் பத்திரமான இடம் நடு வயிறு என்று கண்டுபிடிக்க இத்தனை வருடம்.

*

இப்போது 2020, நவம்பர் 29, பஹ்ரைன். நெட்ஃப்ளிக்ஸ் 'டிரைவ் டு சர்வைவ்' தொடரின் மூன்றாவது சீஸனில் 'மேன் ஆன் ஃபயர்' என்று ஒரு தனி எபிசோடே இருக்கிறது. முதல் சுற்றிலேயே ரொமெய்ன் க்ரோஷானின் ஹாஸ் கார் இரும்புத் தடுப்பில் மோதி, இரண்டாகப் பிளந்து, தீக்கோளமாகிறது. மோதியபோது வேகம் மணிக்கு 192 கிலோமீட்டர். 27 நொடிக்குப் பிறகு தீக்குள்ளிருந்து ஒரு மனிதன் எழுந்து வருகிறான். கைகளில் தீக்காயம். ஒரு ஷூ உள்ளேயே மாட்டிக்கொண்டது. மற்றபடி உயிர் பத்திரம்.

எபிசோட் அருமையாகத்தான் எடுக்கப்பட்டிருக்கிறது. சக டிரைவர்களின் முகங்கள், பிட் லேனின் மௌனம், எல்லாம் நம் வயிற்றைப் பிசையும். தலைக்கு மேல் இருந்த 'ஹேலோ' வளையத்துக்கு எல்லோரும் நன்றி சொன்னார்கள். 2018-ல் அது வந்தபோது 'அசிங்கமாக இருக்கிறது' என்று திட்டியவர்களும் சேர்த்துத்தான். நியாயமான நன்றி. ஆனால் சொல்லிமுடிக்கும்போது கிடைக்கிற வார்த்தை 'அதிசயம்'. அங்கேதான் எனக்கு இடிக்கிறது. அதிசயம் என்று சொல்லிவிட்டால், தீ ஏன் வந்தது என்ற கேள்வியை யாரும் கேட்க மாட்டார்கள்.

உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ. கேட்டது. 2021 மார்ச்சில் விசாரணை முடிவைச் சொன்னது. பெட்ரோல் வெளியேற முக்கியமான வழிகள் இரண்டு. டேங்க்கைச் சோதிப்பதற்காக இடப்பக்கம் வைத்திருந்த மூடி பிடுங்கிக்கொண்டது, ஒன்று. எஞ்சினுக்குப் பெட்ரோல் கொண்டுபோகும் குழாயின் இணைப்பு, பையிலிருந்து பிய்ந்து வந்தது, இரண்டு.

கவனித்தீர்களா? ஒரு மூடி, ஒரு ஜாயின்ட். உங்கள் வீட்டு மொட்டை மாடி வாட்டர் டேங்க்கை நினைத்துப்பாருங்கள். டேங்க் என்றைக்காவது ஒழுகியிருக்கிறதா? ஒழுகுவது பைப் வந்து சேருகிற இடம். பத்து ரூபாய் வாஷர். ப்ளம்பரைக் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார். ஃபார்முலா ஒன் பையும் அதே ஜாதி. உலகத்திலேயே வலுவான ரப்பர் துணியில் பை செய்யலாம். பெட்ரோல் உள்ளே போக ஒரு வாய் வேண்டும், வெளியே வர ஒரு வழி வேண்டும், பழுது பார்க்க ஒரு ஜன்னல் வேண்டும். ஓட்டை போட்டேயாக வேண்டும். ஆபத்து அந்த ஓட்டைகளின் ஓரத்தில்தான் குடியிருக்கிறது.

இதை ஃபார்முலா ஒன் விதிப் புத்தகம் ரொம்ப நாளாக அறிந்தேயிருந்தது. பைக்கும் எஞ்சினுக்கும் நடுவே வரும் பெட்ரோல் குழாயில், தானாகப் பிரிந்து தானாக மூடிக்கொள்ளும் வால்வு வேண்டும். குழாய் பையிலிருந்து பிய்ந்து வர எவ்வளவு இழுப்பு தேவையோ, அதில் பாதிக்கும் குறைவிலேயே இந்த வால்வு கழன்றுவிட வேண்டும். அதாவது, பெரிய இடத்தில் உடையாமலிருக்க, சின்ன இடத்தை வேண்டுமென்றே பலவீனமாக வைக்கிறார்கள். எவ்வளவு அழகான யோசனை! அப்படியிருந்தும் பஹ்ரைனில் இணைப்பு பிய்ந்தது. பைகள் பொருத்தப்படும் விதம், இணைப்புகள், மூடிகள் எல்லாவற்றையும் மறுபடி ஆராய்வோம் என்றது எஃப்.ஐ.ஏ. ஒரு மணி நேர த்ரில்லருக்கான கதை அந்த இணைப்பில் இருக்கிறது. எபிசோட் அந்தப் பக்கமே போகவில்லை.

*

'சினிமா என்ன ஐ.டி.ஐ. பாடப் புத்தகமா?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதிலை இன்னொரு படமே சொல்கிறது.

2019-ல் வந்த 'ஃபோர்டு வெர்சஸ் ஃபெராரி' பார்த்திருப்பீர்கள். அதில் காரின்மேல் காற்று எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ள, உடம்பு முழுக்கச் சின்னச் சின்ன நூல்களை ஒட்டி ஓட்டிப் பார்ப்பார்கள். நூல் படபடக்கிற இடத்தில் காற்று தகராறு செய்கிறது என்று அர்த்தம். ஏரோடைனமிக்ஸ் பாடத்தை ஒரு நிமிடத்தில் குழந்தைக்கும் புரிகிற மாதிரி காட்டிவிட்டார் ஜேம்ஸ் மேன்கோல்டு. பந்தயத்தின் நடுவில் பிரேக்கையே மொத்தமாக மாற்றுவதையும் விசில் அடிக்கிற காட்சியாக்கினார். ஆக, நட்டு போல்ட்டை நாடகமாக்க சினிமாவால் முடியும். வேகம் கூட்டுகிற நட்டு போல்ட் என்றால் காட்டுவார்கள். உயிர் காக்கிற நட்டு போல்ட் என்றால் காட்ட மாட்டார்கள். இதே படத்தின் தொடக்கத்தில், பெட்ரோல் போடும்போது ஹீரோவின் உடையில் தீப்பிடிக்கும். அணைத்ததும் அவர் பாட்டுக்கு மறுபடி ஓட்டப் போவார். தியேட்டரில் கைதட்டல்!

காட்ட வேண்டும் என்று நினைத்தால் என்னவெல்லாம் இருக்கிறது தெரியுமா? டிக்கியில் டேங்க் வைக்கிற சாதாரண ரேஸ் காரையே எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியை டிக்கியின் மெல்லிய தகரத்தில் நாலு போல்ட் போட்டு மாட்டினால் போதாது. மோதும்போது போல்ட் நிற்கும், தகரம் கிழிந்துகொண்டு வரும். அதனால் சேஸிஸோடு சேர்த்து இரும்புக் குழாயில் தொட்டில் மாதிரி ஒன்று கட்டி, அதில் பெட்டியை உட்காரவைத்து, மேலே இரும்புப் பட்டை போட்டு இறுக்குவார்கள். பின் சக்கரங்களுக்கு நடுவில், ஓரங்களிலிருந்து எவ்வளவு உள்ளே தள்ள முடியுமோ அவ்வளவு உள்ளே. பெட்டியைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் முனையோ கூரான பிராக்கெட்டோ அக்கம்பக்கத்தில் இருக்கக் கூடாது. இடி வாங்கினால் அதுவே ஈட்டி. டிரைவருக்கும் டேங்க்குக்கும் நடுவே, தீயும் பெட்ரோலும் தாண்ட முடியாத சுவர். கார் கவிழ்ந்தால் பெட்ரோல் ஒழுகாமலிருக்க, காற்றுக் குழாயில் தானாக மூடும் வால்வு. குழாய்களில் கொஞ்சம் தொய்வு, டேங்க் சற்று நகர்ந்தாலும் இழுபடாமலிருக்க.

எதற்கு இவ்வளவு கெட்டி என்கிறீர்களா? ஒரு சின்னக் கணக்கு. க்ரோஷானின் மோதல் 67 ஜி. அதாவது, புவியீர்ப்பைப் போல 67 மடங்கு. டேங்க்கில் 100 கிலோ பெட்ரோல் இருந்தால், அந்தக் கணத்தில் அது 6,700 கிலோவாகக் கனக்கும். ஒரு பெரிய யானையையும் தாண்டிய எடை. யானையைக் கட்டிவைக்கிற சங்கிலியை நாலு திருகாணியில் மாட்டுவீர்களா?

*

அந்தப் பையில் தேதி அச்சிட்டிருக்கும். எஃப்.ஐ.ஏ. தரப் பைக்கு, தயாரித்த நாளிலிருந்து ஐந்து வருடம் ஆயுள். அதைத் தயாரித்தவரே சோதித்து ஒப்புக்கொண்டால் இன்னும் இரண்டு வருடம். ரப்பர் வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே வெடித்திருக்கும். ஸ்பாஞ்ச் உதிர்ந்து ஃபில்டரை அடைக்கும். நாங்கள் கல்லூரியில் தேய்மானம் என்று மனப்பாடம் செய்தோமே, அது இங்கே உயிர்க் கணக்கு. உங்கள் வீட்டு கேஸ் அடுப்பு ட்யூபிலும் இதே மாதிரி ஒரு தேதி இருக்கும். கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

2025 ஜனவரியில் துபாயில் பயிற்சியின்போது நடிகர் அஜித்தின் போர்ஷே தடுப்பில் மோதிச் சுழன்ற வீடியோ, நம் ஊரில் பார்க்காத போன் கிடையாது. அவர் இறங்கி நடந்து வந்தார். 'தல கெத்து' என்றோம். கார் ஏன் எரியவில்லை என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எரிந்திருந்தால் கேட்டிருப்போம். அந்த மாதிரி ரேஸ் கார்களில் பாதுகாப்பு டேங்க் உண்டு என்பது செய்தியே ஆகவில்லை. நடக்காத தீக்கு ஃபுட்டேஜ் கிடையாதே!

இன்ஷூரன்ஸ் பாஷையில் சொன்னால், சினிமாவுக்கு க்ளெய்ம் பிடிக்கும், பிரீமியம் பிடிக்காது. க்ளெய்மில் கண்ணீர் இருக்கிறது, பின்னணி இசை இருக்கிறது. பிரீமியம் என்பது மாதா மாதம் கட்டுகிற சலிப்பு. பார்த்துப் பார்த்து நாமும் அப்படியே ஆகிவிட்டோம். தீக்குள் குதித்தவனுக்குச் சிலை வைப்போம். வால்வு மாற்றச் சொன்னவனை 'ஏம்ப்பா சும்மா தொல்லை பண்றே' என்போம்.

அடுத்த ரேஸ் படம் எடுக்கப்போகும் புண்ணியவானுக்கு ஒரு ஷாட் சொல்கிறேன். பந்தயத்துக்கு முந்தைய ராத்திரி. எல்லோரும் தூங்கப் போய்விட்டார்கள். ஒரு மெக்கானிக் மட்டும் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, காருக்கடியில் மல்லாந்து படுத்து, பையின் தேதியைப் படிக்கிறார். ஜாயின்ட்டை ஒருமுறை அசைத்துப் பார்க்கிறார். பட்டையை இன்னொரு கால் சுற்று இறுக்குகிறார். மறுநாள் பந்தயத்தில் எதுவுமே எரிவதில்லை.

அந்தக் காட்சிக்கும் நாம் கைதட்ட ஆரம்பித்துவிட்டால், தீக் காட்சிகள் குறையும். திரையிலும், வெளியேயும்.